ஆகஸ்டில் பிறந்தவன்

“நல்லா ஆடறான் சார். சின்னப் பையனா இருக்கான், அவ்வளவுதான். அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

மாவட்ட அண்டர் 14 செலக்‌ஷன் முடிந்து, மகனின் கிட் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை நோக்கி நடக்கும்போது தேர்வாளர்களில் ஒருவர் என்னிடம் சொன்னது இது. அன்பாகத்தான் சொன்னார். நானும் “சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வண்டியைக் கிளப்பி, மைதானத்து வாசலைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வருஷம் இவன் அண்டர் 14-லேயே இருக்கமாட்டானே! கிரிக்கெட் வாரியத்தின் கணக்கில் ஆண்டு பிறப்பது செப்டம்பர் 1 அன்று. என் மகன் பிறந்தது ஆகஸ்ட் 27. ஐந்து நாள் தாமதமாகப் பிறந்திருந்தால் இன்னொரு வருஷம் கிடைத்திருக்கும். அடுத்த வருஷம் அவன் போய் நிற்க வேண்டிய வரிசை அண்டர் 16. அங்கே பாதிப் பேர் ஷேவ் செய்துகொண்டிருப்பார்கள்.

செலக்‌ஷனில் அவனுக்குக் கிடைத்தது எட்டுப் பந்து. அதில் மூன்று, தலைக்கு மேலே எகிறிப் போயின. மற்றவர்களுக்கு அவை மார்பளவுதான் வந்திருக்கும், எளிதாக இழுத்து அடிக்கலாம். இவன் குனிந்தான். பிறகு லெக் ஸ்பின் போட்டான். நன்றாகத்தான் திரும்பியது. ஆனால் பந்து மேலே போய் இறங்குவதற்குள் எதிரே நின்ற பையன் இரண்டடி முன்னால் வந்து, நேராகத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினான். அந்தப் பையன் என் நண்பரின் மகன். அவனுடைய சான்றிதழில் ஏதாவது விளையாட்டு இருக்குமோ என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். அவன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்தவன் நான். செப்டம்பர் 4. என் மகன் அதற்கடுத்த ஆகஸ்ட் 27. இருவருக்கும் இடையே 357 நாள். கிரிக்கெட் கணக்கில் இருவருக்கும் ஒரே வயது.

இரண்டு காலண்டர்

இதில் என்னைக் குடைந்த விஷயம் தேர்வாகாமல் போனது அல்ல. பத்துப் பதினைந்து இடத்துக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்தால் பெரும்பாலானோர் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். குடைந்தது வேறு. பள்ளிக்கூடத்தில் இதே பையனைப் பற்றி எனக்குக் கிடைக்கும் செய்தி நேர் எதிராக இருக்கும். “பொறுப்பான பையன் சார், வயசுக்கு மீறின பக்குவம்” என்று வகுப்பாசிரியை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்வார். வகுப்புத் தலைவன். காலை வணக்கக் கூட்டத்தில் கடைசியில் நிற்கும் உயரமான பிள்ளைகளில் ஒருவன். மைதானத்துக்கு வந்தால் மட்டும் சின்னப் பையன் ஆகிவிடுகிறான்.

ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து விரல்விட்டு எண்ணியபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. நம் ஊரில் பள்ளிச் சேர்க்கைக்கு ஜூலை 31-ல் கோடு போடுகிறார்கள். அந்தத் தேதிக்குள் 5 வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. ஆகஸ்ட் 27-ல் பிறந்தவன் அந்தக் கோட்டைத் தவறவிட்டு அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு சேர்கிறான். ஆகவே வகுப்பிலேயே மூத்தவர்களில் ஒருவன். கிரிக்கெட்டிலோ செப்டம்பர் 1-ல் கோடு. அங்கே இதே தேதி அவனைக் கூட்டத்திலேயே இளையவர்களில் ஒருவன் ஆக்கிவிடுகிறது. நண்பரின் மகன் அப்போது ஒன்பதாவது, இவன் எட்டாவது. ஆகஸ்டின் அந்த 31 நாட்களில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்த விசித்திரம் இது: வகுப்பறையில் அண்ணன், மைதானத்தில் தம்பி. இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பள்ளிக்கும் செப்டம்பர் 1, கிரிக்கெட்டுக்கும் செப்டம்பர் 1. ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் அடி. கோடையில் பிறந்த பிள்ளைகள் தேர்வு மதிப்பெண்ணில் பின்தங்குவது பற்றி அந்த நாட்டில் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்பாசிரியை சொன்ன ‘பக்குவம்’, தேர்வாளர் சொன்ன ‘சின்னப் பையன்’ இரண்டுமே என் மகனைப் பற்றியவை என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதலாவதைக் கேட்டுப் பெருமைப்பட்டு, இரண்டாவதைக் கேட்டு வருத்தப்பட்டிருக்கிறேன். இரண்டும் பாதிக்கு மேல் காலண்டரைப் பற்றியவை. பெருமைப்பட்டபோது மட்டும் எனக்குக் கணக்குப் போடத் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கனடாவில் ஒரு மேட்ச் பார்க்கப் போனவர்கள்

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ‘ஒப்பீட்டு வயது விளைவு’ என்று சொல்லலாம். முதலில் கண்ணில் பட்டது கனடாவில். 1980களில் ஆல்பர்ட்டா மாநிலத்து லெத்பிரிட்ஜ் நகரில் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் பேராசிரியர் குடும்பத்தோடு ஜூனியர் ஐஸ் ஹாக்கி மேட்ச் பார்க்கப் போயிருக்கிறார். கையில் கொடுத்த ஆட்டக்காரர் பட்டியலைப் புரட்டிய அவருடைய மனைவி, பிறந்த தேதிகளைப் பார்த்துவிட்டு, என்ன இது எல்லாரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சாகவே இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். அங்கே ஹாக்கிக்குக் கோடு ஜனவரி 1. வீட்டுக்குப் போய் மற்ற அணிகளையும் புரட்டினால் அதே கதை. 1985-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. கணவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி பட்டியலைப் படித்துக்கொண்டிருந்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஸ்கோரை நான் பார்ப்பேன், மற்றதையெல்லாம் அவள் பார்ப்பாள்.

ஜனவரியில் பிறந்த பிள்ளைகளுக்குக் கிரக பலன் ஏதாவது இருக்குமோ என்று கேட்பவர்களுக்குக் கால்பந்தில் பதில் கிடைத்தது. சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் இளையோர் போட்டிகளுக்கான கோட்டை 1997-ல் ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 1-க்கு மாற்றியது. பெல்ஜியத்தில் அதற்கு முன்னும் பின்னும் தேர்வான சிறுவர்களின் பிறந்த மாதங்களை ஒப்பிட்டார்கள். ஆகஸ்ட், செப்டம்பர்ப் பிள்ளைகளுக்கு இருந்த ‘திறமை’ ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகளுக்கு இடம் மாறியிருந்தது. கோட்டை நகர்த்தினார்கள், திறமையும் கூடவே நகர்ந்துவிட்டது.

நம் ஆட்களை வைத்தும் பார்த்தேன். செலக்‌ஷன் முடிந்த வாரம் முழுக்க எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. அஸ்வின் செப்டம்பர் 17. வாஷிங்டன் சுந்தர் அக்டோபர் 5. கோலி நவம்பர் 5. ஆஹா என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் தோனி ஜூலை 7 என்று வந்து நிற்கிறார். சச்சின் ஏப்ரல் 24. இப்படி நாலு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது, எல்லாக் கட்சிக்கும் ஆள் கிடைக்கும். ஆனாலும் ஒரு பெயரில் மட்டும் நின்றுவிட்டேன். வருண் சக்கரவர்த்தி, 1991 ஆகஸ்ட் 29. என் மகனைவிட இரண்டு நாள்தான் கோட்டுக்கு அருகில். 17 வயது வரை விக்கெட் கீப்பராக ஆடினார். வயதுப் பிரிவு அணிகளுக்குப் போய்ப் போய்த் திரும்பினார். கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டடக் கலை படித்தார், வேலையும் பார்த்தார். இருபதுகளின் நடுவில் திரும்பி வந்து, முதலில் வேகப்பந்து, முழங்காலில் அடிபட்ட பிறகு சுழற்பந்து. 2018-ல் டிஎன்பிஎல், அடுத்த ஆண்டுக்கான ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடி, 2021-ல் இந்திய அணி. பிறந்த தேதியால்தான் அவரை ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஆகஸ்டில் பிள்ளை பெற்ற ஒரு தகப்பனுக்கு இந்தத் தேதி எவ்வளவு ஆறுதல் தரும் என்று மட்டும் சொல்கிறேன். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மகனின் மேசையில் ஒட்டினேன். அவன் அதன்மேல் பள்ளி டைம்டேபிளை ஒட்டிவிட்டான்.

ஒரு வருஷ வித்தியாசம் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. 13 வயதில் நிலைமை வேறு. பையன்கள் மளமளவென்று வளரும் உச்சக்கட்டம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது, பெண்பிள்ளைகளுக்கு 12-ஐ ஒட்டி. அந்தக் கட்டத்தைத் தாண்டியவனையும் அதற்குள் நுழையாதவனையும் ஒரே நெட்ஸில் நிறுத்தினால் யார் ஜெயிப்பான் என்று சொல்லப் பயிற்சியாளர் தேவையில்லை, டெய்லர் போதும். அதற்குப் பிறகு நடப்பதுதான் மோசம். தேர்வான நண்பரின் மகனுக்கு புல்தரை ஆடுகளமான டர்ஃப் விக்கெட்டில் பயிற்சி, கோடை முகாம், வெளிமாவட்ட மேட்ச்கள், நல்ல கோச்சின் பார்வை. என் மகனுக்கு அதே பாய் விரித்த மேட்டிங் விக்கெட், வாரத்துக்கு மூன்று நாள், முறை வந்தால் பத்து நிமிஷம் பேட்டிங். இரண்டு வருஷம் கழித்து இருவரும் ஒரே உயரம் ஆனாலும், அப்போது ஒருவன் நிஜமாகவே இன்னொருவனைவிட நல்ல ஆட்டக்காரனாக இருப்பான். அன்றைக்குத் தேர்வாளர் சொன்னது ஆரூடமாக இருந்தது, பிறகு அவர்களே அதைப் பலிக்கவும் வைத்துவிடுகிறார்கள்.

நண்பருக்கும் ஒரு கவலை இருக்கிறது. “எல்லா பாலையும் பலத்தால இழுத்து அடிக்கிறான். கால் நகரவே மாட்டேங்குது. மத்தவனுங்க வளர்ந்துட்டா என்ன பண்ணுவான்?” என்கிறார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் ரக்பி, கிரிக்கெட் அகாடமிகளில் செய்த ஆய்வில், உள்ளே வருகிறவர்களில் மூத்த பிள்ளைகள்தான் அதிகம். ஆனால் உள்ளே வந்துவிட்ட இளையவர்களில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிறவர்களின் விகிதம் கூடுதல் என்று தெரிந்தது. பலம் இல்லாதவன் வேறு வழி தேடியே ஆக வேண்டும் அல்லவா. இதைச் சிலர் ‘கஷ்டப்பட்டால்தான் தேறுவான்’ என்று சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளே வர முடியாமல் போன இளையவர்களை அந்த விகிதத்தில் யாரும் எண்ணவில்லை.

காதைத் தொட்டவன்

இந்தக் குமுறலோடுதான் அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அம்மாவிடம் நீளமாகப் புலம்பினேன். செப்டம்பர், ஆகஸ்ட், ஐந்து நாள், எட்டுப் பந்து எல்லாவற்றையும். அவள் முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டாள். முடிவில், “உனக்கு மட்டும் என்னடா, சரியான தேதியா? ஐப்பசி அடைமழையில பொறந்தவன் நீ. வைகாசியில பொறந்ததா எழுதிட்டு வந்தாரு உங்கப்பா” என்றாள்.

எனக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு என்பது எப்போதும் தெரியும். என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இது உண்டு. ஆதார் அட்டையை வாங்கிப் பாருங்கள், மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்களின் கூட்டம் கண்ணில் படும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் தலைமையாசிரியர் போட்டதுதான் தேதி. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ‘ஐந்து முடிந்துவிட்டது’ என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதுவார். விவரமான தகப்பன்மார்கள், “கொஞ்சம் குறைச்சே போடுங்க சார், ரிட்டயர்மெண்ட்ல உதவும்” என்பார்கள். என் அப்பா விவரமானவர். 1975 ஐப்பசியில் பிறந்த எனக்கு 1976 ஜூன் 5 என்று பதிவானது. ஏழு மாதத்துக்கு மேல் லாபம்.

இந்தத் தேதியை நான் பணி ஓய்வோடு மட்டும்தான் இணைத்து யோசித்திருக்கிறேன். ஓட்டத்தோடு இணைத்ததே இல்லை. அன்றைக்கு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, எதிரே அலமாரியில் அம்மா வெந்தயம் போட்டு வைத்திருக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கண்ணில் பட்டது. எட்டாம் வகுப்பில், குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டரில் முதலாவதாக வந்ததற்கு எங்கள் பள்ளியில் கொடுத்த பரிசு. மூடியில் பெயர் வெட்டியிருக்கும். அந்த இரண்டு மூன்று வருஷம் எங்கள் பள்ளியில் ஓட்டம் என்றால் நான்தான். பி.டி. சார் என்னைத்தான் வருவாய் மாவட்டப் போட்டிக்கு அழைத்துப்போனார், பரோட்டா வாங்கிக் கொடுத்தார், ஸ்பைக் ஷூ இரவல் வாங்கித் தந்தார். எனக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவன் கீழத்தெருவிலிருந்து வரும் ஒரு பையன். ஒல்லியாக, என் தோளுக்குக் கீழே இருப்பான். வெறுங்காலோடு ஓடுவான். கடைசி இருபது மீட்டரில் அவன் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஒருமுறைகூட அவன் என்னை முந்தவில்லை. எட்டாவதுக்குப் பிறகு அவன் ஓட வரவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டதாகவும் எனக்கு நினைவில்லை.

கோட்டை எந்தத் தேதியில் போட்டிருந்தாலும் எனக்கு ஏழு மாதம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அந்தப் பையனுக்கு நிஜமான வயது என்னவோ, அவனுக்கும் தலைமையாசிரியர்தானே தேதி போட்டிருப்பார். ஆனால் அவன் குரல் கீச்சென்று இருந்ததும் எனக்கு உடைந்துவிட்டிருந்ததும் நன்றாக நினைவிருக்கிறது. முப்பது வருஷமாக நான் ஒரு காலத்தில் நல்ல ஓட்டக்காரன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகனிடமும் சொல்லியிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் எல்லாரும் வளர்ந்து வந்ததும் நான் முதல் சுற்றான ஹீட்ஸில்கூடத் தேறாமல் போனதை மட்டும், படிப்பில் கவனம் வந்துவிட்டதாக மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. “காதுதான் தொட்டியே, அப்புறமென்ன?” என்றாள். யோசித்தால் அந்தக் காது விஷயம் அவ்வளவு முட்டாள்தனம் இல்லை. குழந்தைக்குத் தலை பெரிது, கை சிறிது. ஐந்து, ஆறு வயதில் கை நீண்டு வரும்போதுதான் காது எட்டும். தேதியை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்கும் முறை அது. இங்கிலாந்து பிரீமியர் லீக் அகாடமிகளில், பாத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஷான் கம்மிங் போன்றவர்களின் துணையோடு, பிள்ளைகளைப் பிறந்த வருஷத்தால் பிரிக்காமல் வளர்ச்சியால் பிரித்துச் சில போட்டிகள் நடத்துகிறார்கள். பெற்றோர் உயரத்தையும் பிள்ளையின் உயரம், எடையையும் வைத்து முழு உயரம் எவ்வளவு இருக்கும் என்று கணித்து, அதில் 85-லிருந்து 90 சதவீதம் எட்டியவர்களை ஒரு குழுவாக ஆடவிடுகிறார்கள். எங்கள் தலைமையாசிரியர் கேட்டால் சிரிப்பார். ஆகஸ்டில் பிறந்தும் சீக்கிரம் வளர்ந்துவிடும் பையன் உண்டு, செப்டம்பரில் பிறந்தும் பதினாறு வரை பொடியனாகவே இருப்பவன் உண்டு. தேதி ஒன்று, உடம்பு ஒன்று. இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள்.

முதுகில் ஒட்டிய எண்

ஊரிலிருந்து திரும்பியதும் மகனின் கோச்சிடம் ஒரு யோசனையைச் சொன்னேன். நெதர்லாந்தில் நடந்த ஒரு பரிசோதனை. திறமை தேடும் ஆட்கள் சிறுவர் கால்பந்து ஆட்டங்களைப் பார்த்துத் தரவரிசை போட வேண்டும். பிறந்த தேதிகளைக் காகிதத்தில் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. அப்போதும் மூத்த பிள்ளைகள்தான் மேலே வந்தார்கள். சட்டை எண்ணையே வயது வரிசைப்படி கொடுத்து, அதையும் அவர்களிடம் சொன்னபோது அந்தச் சாய்வு போய்விட்டது. கண்ணெதிரே ஓடும்போதே இவன் பெரியவன், இவன் சின்னவன் என்று தெரிந்துகொண்டே இருந்தால் போதும் போலிருக்கிறது.

கோச் சிரித்தார். ஆனால் நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அகாடமிக்குள்ளேயே நடக்கும் பயிற்சி மேட்சுக்கு ஒத்துக்கொண்டார். 24 பையன்கள். சான்றிதழ்ப்படி வரிசைப்படுத்தி, ஏ4 தாளில் எண் எழுதி முதுகில் பின் குத்தினோம். 1 மூத்தவன், 24 கடைக்குட்டி. முதல் ஐந்து ஓவர் அழகாகப் போனது. “21 தடுக்கிற தடுப்பைப் பாருங்க சார், அந்த வயசுக்கு” என்று கோச்சே ஒருமுறை சொன்னார். பிறகு 1-ஆம் எண்ணின் அப்பா வந்தார். “எம் பையன் பெரியவன்னு முதுகுல எழுதி ஒட்டறீங்களா? நாளைக்கு செலக்டர் காதுக்குப் போனா?” என்று ஆரம்பித்தார். அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போதே மைதானத்தில் எல்லாரும் எதையோ பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். பந்து வீச ஓடி வந்துகொண்டிருந்தான் 17. அவனுக்கு மீசை இருந்தது. அவனுக்கு முந்தைய 16 பேரில் நாலைந்து பேருக்குத்தான் அரும்பியிருந்தது. எண்கள் இல்லாதவரை யாரும் பேசாத விஷயம், எண்கள் ஒட்டியதும் வெட்டவெளிச்சம். இதற்காகத்தான் அண்டர் 16-ல் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள். வயதை மறைப்பது விஷம் போன்றது என்று ராகுல் டிராவிட் 2015 பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் பேசியதும் இதைத்தான். அடுத்த ஆண்டிலேயே ஒருவர் ஒரே ஒரு அண்டர் 19 உலகக் கோப்பையில்தான் ஆடலாம் என்று வாரியம் விதி போட்டது. அண்டர் 14 பயிற்சி மேட்சுக்கு எக்ஸ்ரேவுக்கு எங்கே போவது? கோச் அதற்குப் பிறகு எண் ஒட்டவில்லை. “நல்ல ஐடியாதான் சார், ஆனா நம்ம ஊருக்கு முதல்ல ஒழுங்கான தேதி வேணும்” என்றார். என்னையும் டிபன் பாக்ஸையும் நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றைக்கு என் மகனின் முதுகில் இருந்தது 23. வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து, தன் பந்துவீச்சைப் பற்றித் தானே விமர்சனம் சொல்லிக்கொண்டு வந்தான். நாலு ஓவரில் இரண்டு விக்கெட். 24-ஐ மட்டும் எடுக்க முடியவில்லை.

“ஏன்டா, கூக்ளி போட்டுப் பார்த்திருக்கலாமே?”

“போட்டிருக்கலாம்ப்பா. ஆனா பாவம், அவன் ஆகஸ்ட் 30. சின்னப் பையன். மெதுவாத்தான் போட்டேன்.”